கையில் கனமான, மின்னும் கல்... தங்கமா, வெறும் கல்லா? கண்டுபிடிப்பது எப்படி?

2020 பிப்ரவரி மாதம். உத்தரப் பிரதேச மாநிலம் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்துவிட்டதாக ஒரு செய்தி கிளம்பியது. நாட்டின் மொத்தத் தங்கக் கையிருப்பைப்போல ஐந்து மடங்கு என்றார்கள். டிவியில் விவாதம், வாட்ஸ்அப்பில் வாழ்த்து, மீம்ஸ் என்று ஒரு நாள் முழுக்க அதே பேச்சு.

அடுத்து இந்தியப் புவியியல் ஆய்வு மையம் விளக்கம் கொடுத்தது. அங்கே மதிப்பிடப்பட்டது சுமார் 52,806 டன் 'தாது'. அதில் ஒரு டன்னுக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம். மொத்தமாகப் பிரித்தெடுத்தால் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 160 கிலோ. டன் எங்கே, கிலோ எங்கே!

ஒரு நாடே இப்படிக் குழம்பும்போது, காட்டு வழியிலோ, கிணறு தோண்டும்போதோ, மலையேற்றத்திலோ மின்னும் கல் ஒன்று கையில் கிடைத்தவர் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். 'தங்கம்தான் ப்ரோ' என்று ஒருவர், 'இது விண்கல்' என்று இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்புகிறார்: 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பார்ட்டி இருக்காங்க, நல்ல விலைக்கு எடுத்துப்பாங்க.' சிக்கல் தொடங்குவது இந்த மூன்றாவது ஆளிடம்தான்.

கல்லை எப்படி அடையாளம் காண்பது, வீட்டில் எதுவரை போகலாம், எங்கே நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கனிமம், பாறை, தாது: என்ன வித்தியாசம்?

கனிமம் என்பது குறிப்பிட்ட வேதியியல் அமைப்பு கொண்ட பொருள். குவார்ட்ஸ், பைரைட், மேக்னடைட் எல்லாம் கனிமங்கள். பல கனிமங்கள் சேர்ந்து கிடப்பது பாறை. அந்தப் பாறையிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தால் செலவுபோக லாபம் கிடைக்கும் என்றால் மட்டுமே அது தாது.

சோன்பத்ரா கணக்கை இப்போ மறுபடி பாருங்கள். ஒரு டன் பாறையில் 3.03 கிராம் என்றால், ஆயிரம் கிலோ கல்லை உடைத்து அரைத்தால் அரைப் பவுன்கூடத் தேறாது. அந்த அளவு தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆக, மின்னும் கல்லில் தங்கம் இல்லாமல் இருக்கலாம். மங்கலான, அழுக்கான கல்லில் தங்கம் இருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1893-ல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு கூட்டம் குவிந்தது. வெளிறிய பித்தளை நிறத்தில் இருந்த ஒரு வகைக் கல்லை 'முட்டாள்களின் தங்கம்' என்று நினைத்து ஒதுக்கினார்கள். சாலைப் பள்ளங்களை நிரப்பவும் கட்டுமானத்துக்கும் அது போனது. 1896-ல்தான் அது தங்கமும் டெலூரியமும் சேர்ந்த கனிமம் என்று தெரிந்தது. அந்த வகைக் கனிமங்களில் ஒன்றான கலவரைட்டின் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் தங்கம். அப்புறம் என்ன? போட்ட சாலையைத் தோண்டினார்கள்.

கண்ணை மட்டும் நம்பினால் பொய்யையும் வாங்குவோம், மெய்யையும் வீசுவோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய டைல்ஸ் துண்டு, ஒரு காந்தம், பேனாக்கத்தி, கிச்சன் தராசு, நூல். அவ்வளவுதான்.

1. உரசிப் பாருங்கள். நகைக்கடை ஆசாரி உரைகல்லில் தங்கத்தை உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் அதே யோசனைதான். டைல்ஸின் பளபளப்பு இல்லாத பின்பக்கத்தில் கல்லின் மின்னும் பகுதியைத் தேயுங்கள். தூளாக விழும் நிறம்தான் முக்கியம். தங்கம் பொன்மஞ்சள் கோடு போடும். பைரைட் என்ற முட்டாள்களின் தங்கம் வெளியே மஞ்சளாக இருந்தாலும் கறுப்பு அல்லது பச்சை கலந்த கறுப்புக் கோடுதான் போடும். ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் வெளியே எஃகு நிறத்தில் பளபளத்தாலும் செங்காவி நிறத்தில் கோடு விழும். மேக்னடைட்டுக்குக் கறுப்பு. டைலைவிடக் கடினமான கனிமம் என்றால் நிறம் விழாது, டைலில் கீறல்தான் விழும்.

2. கீறிப் பாருங்கள். கடினத்தன்மைக்கு 'மோஸ்' என்ற 1 முதல் 10 வரையிலான அளவுகோல் உண்டு. நம் நகம் சுமார் 2.5, பேனாக்கத்தி சுமார் 5.5, வைரம் 10. தங்கம் 2.5 முதல் 3 வரை. கத்தி முனையால் அழுத்தினால் வெண்ணெய்போல நெளியும், உடையாது. பைரைட் 6 முதல் 6.5 வரை. கத்தியால் கீற முடியாது, தட்டினால் நொறுங்கும். இந்த ஒரு சோதனையே 'தங்கம் கிடைச்சிருச்சு' கதைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவைத்துவிடும். ஆற்று மணலில் மின்னும் அபிரகம் இன்னும் சுலபம். ஊசி முனையால் நெருடினால் செதில் செதிலாகப் பிரியும்.

3. காந்தம் வையுங்கள். பலமாக ஒட்டினால் மேக்னடைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சேலம் கஞ்சமலைப் பக்கம் கிடைக்கும் கனமான கறுப்புக் கற்களில் இருப்பது இதுதான். லேசாக இழுத்தால் பிர்ரோடைட் போன்ற கனிமமாக இருக்கலாம். விண்கற்களில் பெரும்பாலானவை காந்தத்தை ஈர்க்கும். ஆனால் காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் விண்கல் ஆகிவிடாது.

4. உடைந்த முகத்தைப் பாருங்கள். வெயில், மழை பட்ட வெளிப்பரப்பு ஏமாற்றும். ஒரு மூலையை மட்டும் உடைத்து உள்ளே பாருங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. கலீனா என்ற ஈயக் கனிமம் குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக உடையும், ஈயச் சாம்பல் நிறத்தில் பளிச்சிடும். சால்கோபைரைட் என்ற செப்புக் கனிமம் பித்தளை நிறத்தில் இருக்கும். வெளிப்பக்கம் மயில் கழுத்து நிறங்கள் படரும். பச்சையும் நீலமுமாகப் படலம் தெரிந்தால் அருகில் செம்பு இருக்கிறது என்பதற்கான நல்ல அறிகுறி.

5. எடைக்கும் அளவுக்கும் கணக்குப் போடுங்கள். முதலில் கல்லை உலர்வாக எடை போடுங்கள். 390 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தராசு 150 காட்டினால் அடர்த்தி 2.6. அது சாதாரண குவார்ட்ஸ் கல்லின் அளவு. 78 காட்டினால் 5. பைரைட், மேக்னடைட், ஹேமடைட் இந்தப் பக்கம்தான் வரும். 52 காட்டினால் 7.5. அது கலீனாவின் அளவு. சுத்தத் தங்கம் என்றால் 19.3.

ஒரு சோதனையை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மஞ்சளாக இருக்கிறது, கறுப்புக் கோடு போடுகிறது, கத்தியால் கீற முடியவில்லை, அடர்த்தி 5. இந்த நான்கும் சேர்ந்தால் பைரைட் என்று தைரியமாகச் சொல்லலாம். நான்கில் ஒன்று முரண்டு பிடித்தால், அந்தக் கல்லைத்தான் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

அது கல்லே இல்லாமலும் இருக்கலாம்!

தமிழ்நாட்டில் வயலிலும் மேட்டிலும் கிடைக்கும் 'வித்தியாசமான உலோகக் கல்' பல நேரம் இரும்புக் கிட்டம். அதாவது, பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடு. கனமாக இருக்கும், கறுப்பாக இருக்கும், சில துண்டுகள் காந்தத்திலும் ஒட்டும். அதனாலேயே விண்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழி ஓட்டைகள் இருக்கும், மேலே பாகு வழிந்து உறைந்த தடம் தெரியும். விண்கற்களில் இப்படிக் குமிழிகள் இருப்பது மிக அரிது.

கிட்டம் என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய தொழிலின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஓரிடத்தில் கிட்டம் குவியலாகக் கிடந்தால், தொல்லியல் துறைக்குச் சொல்வது நல்லது. சந்தையில் மதிப்பு இல்லை என்றாலும் வரலாற்றில் இருக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கல்லை நாக்கில் வைக்காதீர்கள். கலீனாவில் இருப்பது ஈயம். அடுப்பில் சூடாக்காதீர்கள். பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் சூடானால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வரும். தட்டும்போது பூண்டு வாசனை அடித்தால் அதில் ஆர்சனிக் இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டுக் கை கழுவுங்கள். யூடியூபைப் பார்த்து ஆசிட், பாதரசம் என்று இறங்குவது வேண்டவே வேண்டாம்.

ஆய்வகம் என்ன சொல்லும்?

வீட்டுச் சோதனைகள் 'இது என்ன கனிமம்' என்று சொல்லும். 'உள்ளே எவ்வளவு தங்கம்' என்று சொல்லாது. ஒரு டன்னுக்கு 5 கிராம் தங்கம் உள்ள குவார்ட்ஸ் கல்லின் அடர்த்தி, தங்கமே இல்லாத குவார்ட்ஸ் கல்லின் அடர்த்திதான். வித்தியாசம் எந்தக் கிச்சன் தராசிலும் தெரியாது.

தங்கத்துக்கு இன்றும் நம்பகமான வழி, 'ஃபயர் அஸ்ஸே' என்கிற பழைய முறை. கல்லை மாவாக அரைத்து, அதில் பெரும்பாலும் 30 கிராம் போல எடுத்து, ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம் ஆகியவற்றுடன் ஆயிரம் டிகிரி அளவில் உருக்குவார்கள். உருகிய ஈயம், இருக்கிற தங்கத்தையும் வெள்ளியையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்கும். பிறகு ஈயத்தை நீக்கி, வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிச்சமுள்ள தங்கத்தை எடை போடுவார்கள்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவியை இப்போது பலர் வைத்திருக்கிறார்கள். நகையின் தரம் பார்க்க அது பிரமாதம். ஆனால் கல்லில் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். துத்தநாகம், டங்ஸ்டன் இருந்தால் அவற்றின் சமிக்ஞையைத் தங்கம் என்று தவறாகக் காட்டவும் கூடும். 'மெஷின்லயே கோல்டுன்னு வந்துருச்சு' என்று யாராவது சொன்னால், ஃபயர் அஸ்ஸே ரிப்போர்ட் கேளுங்கள்.

யார் சோதிக்கிறார் என்பதும் ஒரு சோதனை

1576-ல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற ஆங்கிலேய மாலுமி, இன்றைய கனடாவின் பாஃபின் தீவுப் பகுதியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லுடன் லண்டன் திரும்பினார். மைக்கேல் லோக் என்ற வணிகர் அதைச் சோதனைக்குக் கொடுத்தார். முதலில் பார்த்தவர்கள், தங்கம் இல்லை என்றார்கள். லோக் விடவில்லை. கடைசியில் வெனிஸைச் சேர்ந்த அக்னெல்லோ என்பவர், தங்கம் இருக்கிறது என்றார். மற்றவர்களுக்குக் கிடைக்காதது உங்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்டதற்கு, இயற்கையை எப்படித் தாஜா செய்வது என்று தெரிய வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

அந்தப் பதிலிலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் முதலீடு குவிந்தது. முதலாம் எலிசபெத் ராணியும் பணம் போட்டார். 1578-ல் 15 கப்பல்கள் போய், ஆயிரம் டன்னுக்கு மேல் கல் அள்ளி வந்தன. உருக்கினார்கள், ஒன்றும் வரவில்லை. லோக் கடனாளியாகிச் சிறைக்குப் போனார். பிற்காலத்தில் அந்தக் கல்லைச் சோதித்தபோது, சாதாரணப் பாறையில் இருக்கும் அளவுதான் தங்கம் இருந்தது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில் தங்கம் இருந்தது உண்மை. ஆனால் 1880 வாக்கில் லண்டனில் அதைக் காட்டி வரிசையாகக் கம்பெனிகள் தொடங்கி, பங்கு விற்றார்கள். பொறுக்கி எடுத்த மாதிரிக் கற்களில் வந்த கணக்கு, டன் கணக்கில் அரைத்தபோது வரவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் படுத்துவிட்டது. இங்கே சோதனை பொய் சொல்லவில்லை. சோதனைக்குக் கொடுத்த கல்தான் மொத்த மலைக்கும் பிரதிநிதியாக இல்லை. பத்துக் கற்களில் அழகான ஒன்றை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், நமக்கு நாமே செய்துகொள்கிற மோசடி அது.

இன்றைக்கு இதன் வாரிசு, 'இரிடியம்' மோசடி. கோயில் கலசம் அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டில் பல ஆயிரம் கோடி என்பார்கள். இரிடியம் அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளைச் சேர்த்து, காந்தத்தை ஒளித்துவைத்தால் இழுக்கும். ஆனால் இந்த மோசடியில் பணம் பறிக்கப்படும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் பொருளுக்கு அல்ல, 'சோதனைச் செலவு' என்ற பெயரில்தான். 2018-ல் டெல்லியில் அப்பாவும் மகனும் கைதான வழக்கில், கதிர்வீச்சைத் தடுக்கும் உடை என்று ஒன்றைக் காட்டி, விஞ்ஞானிகள் வந்து சோதிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தொழிலதிபரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கறந்திருந்தார்கள்.

நானூறு ஆண்டுக்கும் மேல் இடைவெளி இருக்கும் கதைகள் இவை. ஏமாந்தது மட்டும் ஒரே இடத்தில். வேண்டிய பதிலைச் சொல்லக்கூடிய ஆளைத் தேடிப் போனது, அல்லது பொருளை விற்பவரே கூட்டி வந்த ஆளைச் சோதிக்க விட்டது. எனவே விதி எளிமையானது: முடிவு எதுவாக இருந்தாலும் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாதவர்தான் கல்லைச் சோதிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வழியில் கிடந்த ஒரு கல்லை ஆர்வத்தில் எடுத்துப் பார்ப்பது வேறு. தங்கம் இருக்கும் என்று திட்டமிட்டுத் தோண்டுவது வேறு. 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, கனிமத்தைத் தேடி ஆய்வு செய்வதற்கே உரிமம் வேண்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருந்தாலும் நீங்களாகச் சுரங்கம் தோண்ட முடியாது. மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வனப்பகுதி என்றால் வனச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும்.

ஏதோ இருக்கிறது என்று உண்மையிலேயே தோன்றினால், கிடைத்த இடத்தின் ஜி.பி.எஸ் குறியீடு, அளவு தெரிய நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ, உடைந்த முகத்தின் போட்டோ, ஐந்து சோதனைகளின் முடிவு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லுக்கு நிபுணரிடமும் பாதி மதிப்புதான். பிறகு மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகம், கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் அலுவலகம், அல்லது புவியியல் துறை உள்ள கல்லூரி, பல்கலைக்கழகத்தை அணுகலாம். கட்டணம் கொடுத்துச் சோதிப்பதானால், என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்று பாருங்கள்.

கல்லோடு வருபவருக்கு ஒரு மேசை வேண்டும்

2015-ல் ஆஸ்திரேலியாவின் மேரிபரோ பகுதியில் ஒருவர் மெட்டல் டிடெக்டரை வைத்துத் தங்கம் தேடியபோது, 17 கிலோ எடையில் ஒரு செந்நிறக் கல் கிடைத்தது. உள்ளே தங்கம் என்று நினைத்து அறுத்தார், துளையிட்டார், ஆசிட் ஊற்றினார். அசையவில்லை. சில ஆண்டுகள் கழித்து மெல்போர்ன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அது சூரியக் குடும்பம் உருவான காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் பழைமையான விண்கல்!

இந்தக் கதையில் கல்லைவிட அந்த அருங்காட்சியகம்தான் முக்கியம். 'விண்கல்' என்று சொல்லி மக்கள் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான கற்களை அங்குள்ள புவியியலாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் உண்மையான விண்கல் இரண்டே இரண்டுதான். இருந்தும் அடுத்து வந்தவரின் கல்லையும் அலுக்காமல் வாங்கிப் பார்த்ததால்தான் இது கிடைத்தது.

நம் ஊரிலும் புவியியல் அலுவலகங்கள் இருக்கின்றன, நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் கல்லோடு வரும் ஒரு விவசாயியோ, கிணறு வெட்டும் தொழிலாளியோ எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல்தான் நிற்கிறார். மாவட்டத்துக்கு ஒரு நாள், மாதத்தில் ஒரே ஒரு நாள், 'உங்கள் கல்லைக் கொண்டுவாருங்கள்' என்று அறிவித்து ஒரு மேசை போடலாம். கல்லூரிகளின் புவியியல் மாணவர்களையும் இதில் சேர்க்கலாம். பெரிய செலவு இல்லை. வருகிற கற்களில் பெரும்பாலானவை பைரைட்டும் கிட்டமுமாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. 'இதுல ஒண்ணும் இல்லீங்க' என்று ஓர் அரசு அதிகாரி இலவசமாகச் சொல்லும் அந்த வார்த்தை, ஒரு குடும்பத்தின் நகையையும் நிலப் பத்திரத்தையும் காப்பாற்றக்கூடும்.

அந்த மேசை வரும்வரை டைல்ஸ் துண்டும் காந்தமும் கிச்சன் தராசும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கு கமிஷன் கிடையாது.